செட் கேட்கிறது, சரி. பேசுகிறதா? ரோந்துப் படகு வயர்லெஸ்ஸைச் சோதிக்கும் முறை

கடலோரக் காவல்துறைப் படகில் புதிதாக ஏறும் தம்பிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செட்டில் மற்றவர்கள் பேசுவது காதில் விழுகிறது என்பதற்காக, நாம் பேசுவதும் வெளியே போகிறது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஒன்றுமே கேட்காத செட்டை யாரும் விட்டுவைப்பதில்லை, உடனே டெக்னீஷியனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்து, ஒரு சொல்லைக்கூடக் கரைக்கு அனுப்பாத செட்தான் ஆபத்தானது. அது கெட்டுப்போயிருப்பது, உயிர் போகிற நேரத்தில்தான் தெரியவரும்.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் இழுக்கும் கரண்ட் அரை ஆம்பியர் அளவுதான். மைக்கை அமுக்கி 25 வாட்டில் பேசினால் 5, 6 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த ஒரு முனை அரை ஆம்பியரைக் கடத்திவிடும், ஆறு ஆம்பியருக்குத் தாங்காது. ஆன்டெனா கேபிளும் அப்படித்தான். கரை நிலையம் உயரமான கோபுரத்திலிருந்து பேசுவதால், நம் கேபிள் பாதி அரித்திருந்தாலும் வந்து சேருகிற கொஞ்சத்தை வைத்தே ரிசீவர் தெளிவாகப் பேசிக்காட்டும். நாம் அனுப்புவது அதே கேபிளில் வீணாகி, மிஞ்சியது கரையின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும்.

நான் காவல்துறைத் தொலைத்தொடர்புப் பிரிவில் வயர்லெஸ் வேலை பார்த்தவன். பணியின் கடைசி வருடங்கள் ராமநாதபுரம் கடற்கரையில், படகுகளின் செட்டுகளோடு போயின. ஊர்க்காவல் படையில் சேரும் மீனவப் பிள்ளைகளுக்கும் புதிதாகப் பணியமர்த்தப்படும் காவலர்களுக்கும் படகுத்துறையில் நின்று சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். சொந்தப் படகில் மரைன் செட் வைத்திருக்கும் மீனவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படகில் இருப்பவை

தமிழ்நாட்டில் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994 முதல் இருக்கிறது. ஆனால் இன்று நாம் ஏறுகிற படகுகள் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்தவை. 2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்க வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் கரையை நெருங்கினார்கள். அதன் பிறகு கடலோரப் பாதுகாப்புத் திட்டம் வேகம் பிடித்தது. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் 204 ரோந்துப் படகுகள், 12 டன்னும் 5 டன்னுமாக, மாநிலக் காவல்துறைகளுக்கு வந்தன. கோவா ஷிப்யார்டும் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சும் கட்டியவை அவை.

இந்தப் படகுகளில் வழக்கமாக இரண்டு வயர்லெஸ் செட் இருக்கும். ஒன்று போலீஸ் செட். ஸ்டேஷன் ஜீப்பில் 'மைக்' என்கிறோமே, அதே வகை. கண்ட்ரோல் ரூமோடு பேசத்தான் அது. இன்னொன்று மரைன் விஎச்எஃப், கடலில் எல்லோருக்கும் பொதுவான அலைவரிசைகளில் பேசும் செட். கப்பல், துறைமுகம், இந்தியக் கடலோரக் காவல்படை, விசைப்படகு எல்லாம் சந்திக்கிற இடம் அது. போலீஸ் மைக்கிலேயே பழகி வந்தவர்கள் மீன்பிடிப் படகைக் கூப்பிடவும் அதையே எடுப்பார்கள். மீனவர் கையில் இருப்பது மரைன் செட். போலீஸ் அலைவரிசையில் விடிய விடியக் கூப்பிட்டாலும் அவருக்கு எட்டாது. படகில் ஏறியதும் எந்த மைக் எதற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். இருட்டில், அலையில், டார்ச் அடிக்கக்கூடாத நேரத்தில் இது வேண்டியிருக்கும்.

போலீஸ் அலைவரிசைகளின் எண்களை இங்கே எழுத மாட்டேன். அது ஸ்டேஷனில் கற்றுக்கொள்ள வேண்டியது. மரைன் சேனல்கள் உலகத்துக்கே பொது, அவற்றை மனப்பாடம் செய்யுங்கள். சேனல் 16, அதாவது 156.800 மெகாஹெர்ட்ஸ், அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. சேனல் 70, 156.525, முழுக்க டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்புக்கானது. அதில் குரலில் பேசக் கூடாது. சேனல் 6, 156.300, படகுக்குப் படகு பேச. தேடல் மீட்பில் விமானத்தோடு பேசவும் இதுதான். சேனல் 13 கப்பல்கள் ஒன்றையொன்று கடக்கும்போது பாதுகாப்புக்காகப் பேசிக்கொள்வது. சேனல் 72 படகுகளுக்குள் பேச வசதியானது, என் சோதனைகளுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பேன்.

முதலில் வோல்டேஜ்

மீட்டரைக் கையில் எடுங்கள். பேட்டரி முனையில் வைக்காதீர்கள், செட்டின் பின்பக்கம் பவர் வயர் நுழையும் இடத்தில் வையுங்கள். பேட்டரியில் 12.6 காட்டினால் அது முழு சார்ஜில் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். செட்டுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதே நமக்கு வேண்டிய கணக்கு. செட் சும்மா இருக்கும்போது ஒரு அளவு, ஆள் ஒருவர் மைக்கை அமுக்கி 25 வாட்டில் பேசும்போது இன்னொரு அளவு எடுங்கள். இரண்டாவது அளவுதான் உண்மை சொல்லும். பெரும்பாலான மரைன் செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, அதில் 15 சதவீதம் குறையலாம். ஆகவே பேசும்போது 11.7-க்குக் கீழே இறங்கினால் அந்தப் படகு கிளம்பக் கூடாது என்பது என் கருத்து.

வயர் மெல்லியதாக இருந்தாலே இந்த இறக்கம் வந்துவிடும். பேட்டரிக்கும் செட்டுக்கும் 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர் வயர். அது வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால், 6 ஆம்பியர் போகும்போது வயரிலேயே கிட்டத்தட்ட 0.7 வோல்ட் தொலைந்துபோகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்தான் போகும். பேட்டரி கொஞ்சம் இறங்கி 12.2-இல் இருக்கிற ராத்திரியில் மெல்லிய வயர் உங்களை 11.5-க்குக் கொண்டுபோய்விடும். அடுத்த முறை சர்வீஸுக்குப் போகும்போது வயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். செட்டை மாற்றச் சொல்வதைவிட இது மலிவு, பலனும் அதிகம்.

24 வோல்ட் பேட்டரி உள்ள படகுகளில் நடுவே ஒரு கன்வெர்ட்டர் இருக்கும். அதன் திருகுகளைத்தான் நான் எப்போதும் முதலில் முறுக்கிப் பார்ப்பேன். ஒரு நவம்பர் இரவு, வாடைக்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. ரோந்து போன படகு ஒன்று கண்ட்ரோலுக்குப் பதிலே சொல்லவில்லை. கண்ட்ரோல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. படகில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு அழைப்பும் கேட்டது. அவர்கள் பதில் சொன்னார்கள், அது வெளியே போகவில்லை. மைக்கை அமுக்கும்போதெல்லாம் செட்டின் டிஸ்ப்ளே ஒரு கணம் மங்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த இன்னொரு படகைக் கைவிளக்கால் கூப்பிட்டு, அதன் மூலம் செய்தி சொன்னார்கள். விடிந்தபின் நான் போய்ப் பார்த்தால், கன்வெர்ட்டரின் ஒரு திருகு அதிர்வில் கால் சுற்று தளர்ந்திருந்தது. இழப்பு எதுவும் இல்லை, நல்லவேளை. மைக்கை அமுக்கும்போது விளக்கு மங்குகிறதா என்று பார்ப்பதை அன்றிலிருந்து எல்லோருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். மீட்டர் இல்லாத படகில்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம்.

இன்னொன்று. கன்வெர்ட்டர் கெட்டுப்போனால், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து நேராக வயர் இழுத்து செட்டை ஓட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அன்றைக்கு வேலை நடக்கும். சில வாரங்களில் ஒரு பேட்டரி குறைந்தும் மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகியும் இரண்டுமே கெடும். பிறகு ஒரு காலையில் என்ஜினே ஸ்டார்ட் ஆகாது.

ஆன்டெனாவும் கேபிளும்

படகு வயர்லெஸ் கெடுவது பெரும்பாலும் செட்டுக்கு வெளியேதான். உப்புக்காற்று கேபிள் முனை வழியாக உள்ளே ஏறும். செம்புப் பின்னல் பச்சைக் களிம்பு பூத்து, அப்புறம் கறுத்துப்போகும். வெளித்தோல் புதிதாகப் பளபளக்கும். அப்படிப்பட்ட ஒரு கேபிள் துண்டை நீளவாக்கில் பிளந்து என் பையிலேயே வைத்திருப்பேன். எவ்வளவு சொன்னாலும் நம்பாதவர்கள் அதைப் பார்த்தவுடன் நம்புவார்கள்.

கேபிள் நல்லதாக இருந்தாலும் வகை முக்கியம். ஆர்ஜி-58 மெல்லிய கேபிள். அதில் 10 மீட்டர் போட்டால் 25 வாட்டில் சுமார் 16 வாட்தான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 என்றால் அதே தூரத்துக்கு 20 வாட் சேரும். மிச்சக் கேபிளைச் சுருட்டி டேஷ்போர்டுக்கு அடியில் திணித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத நீளம் முழுவதும் நஷ்டம், வெட்டிவிடுங்கள்.

கேபிள் முனையில் இருக்கும் பிஎல்-259 கனெக்டரைக் கையால் முறுக்கிப் பாருங்கள். வேகமாக ஓடும் படகில் அதிர்வு அதைத் திருப்பித் திருப்பித் தளர்த்தும். சாலிடர் பளபளவென்று இருக்க வேண்டும், சாம்பல் நிறத்தில் மொத்தையாக இருந்தால் சூடு போதாமல் வைத்த சாலிடர் அது. வெளியே இருக்கும் கனெக்டருக்கு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் சாதா இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். சாதா டேப்பை மட்டும் சுற்றினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, உள்ளே போன தண்ணீர் வெளியேறவும் வழியிருக்காது.

அனுப்பிய அலையில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர், ஸ்டேஷனுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் அதை வைத்து, முதலில் 1 வாட்டில், பிறகு 25 வாட்டில் பாருங்கள். 1.5 என்றால் அனுப்பியதில் 4 சதவீதம்தான் திரும்பி வருகிறது, நல்லது. 2 என்றால் 11 சதவீதம், காரணம் தேடுங்கள். 3 வந்தால் கால் பங்கு திரும்புகிறது, அந்த நிலையில் மைக்கைத் தொடாதீர்கள், அலையை வெளியே அனுப்பும் செட்டின் கடைசிக் கட்டம் எரிந்துபோகலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அரித்துப்போன நீளக் கேபிள் திரும்பி வருவதையும் விழுங்கிவிடுவதால் மீட்டரில் அழகாக 1.2 காட்டும். ஆகவே ஆன்டெனா பக்கத்திலும் ஒருமுறை மீட்டரை வைத்து, அங்கே எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

ஆன்டெனா வாங்கச் சொல்லும்போது ஆதாயம் 6 டெசிபெல் என்று எழுதிக் கொடுக்கிறார்கள், எண் பெரியது என்பதால். சிறிய ரோந்துப் படகுக்கு 3 டெசிபெல் போதும், அதுதான் நல்லதும்கூட. அதிக ஆதாயமுள்ள ஆன்டெனா தன் அலையைத் தட்டையாகக் குறுக்கி அனுப்பும். அமைதியான நீரில் அது தூரம் போகும். 5 டன் படகு அலையில் புரளும்போது அந்தத் தட்டை அலை ஒரு கணம் வானத்துக்கும் மறுகணம் தண்ணீருக்கும் போய், பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும்.

நம் படகுகளுக்கே உரிய இன்னொரு தொல்லை, கூரையில் சுழலும் சிவப்பு-நீல விளக்கு. இப்போது வருபவை எல்லாம் எல்இடி. அதன் மின்னணுச் சுற்று விஎச்எஃப் அலைவரிசையிலேயே இரைச்சல் கிளப்பும். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே எல்இடி விளக்குகள் விஎச்எஃப் செட்டையும், கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் செவிடாக்குகின்றன என்று எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது சுலபம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில் வைத்து, ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் மறையும் புள்ளி வரை மட்டும் திருப்புங்கள். இப்போது சுழல்விளக்கைப் போடுங்கள். 'உஸ்' என்று இரைச்சல் திரும்பி வந்தால் விளக்குதான் குற்றவாளி. அதை ஆன்டெனாவை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதுவரை, தூரத்து அழைப்பைக் கேட்க வேண்டிய நேரத்தில் அணைத்து வையுங்கள்.

ரேடியோ செக்: யாரோடு, எங்கே

படகுத்துறையில் கட்டியிருக்கும்போது நம் ஸ்டேஷனையே கூப்பிட்டு, 'லௌட் அண்ட் கிளியர்' என்ற பதிலை வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கிளம்புவது எங்கும் நடக்கிறது. அந்தச் சோதனையால் பயனில்லை. ஆன்டெனா கேபிள் அறுந்திருந்தாலும், செட்டிலிருந்து கசியும் அலையே சில நூறு மீட்டர் போகும். அருகில் இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும்.

தூரத்தில் இருப்பவரோடு செய்யுங்கள். அடுத்த ஊர் ஸ்டேஷன், அல்லது ஏற்கெனவே கடலில் இருக்கும் படகு. சேனல் 16-இல் சுருக்கமாகக் கூப்பிட்டு, பதில் வந்ததும் 72 போன்ற வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளுங்கள். 16-ஐ அரட்டைக்கும் சோதனைக்கும் அடைத்து வைத்தால், அந்த நேரத்தில் உயிருக்குப் போராடுகிறவரின் குரல் அடிபட்டுப் போகும். இந்த அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் பலமான குரல் மட்டும்தான் கேட்கும். கவிழ்ந்த படகில் கைச்செட்டோடு இருப்பவரின் குரல் ஒருபோதும் பலமானதாக இருக்காது.

25 வாட்டில் பதில் வந்ததும், 1 வாட்டுக்குக் குறைத்து மறுபடி கேளுங்கள். 1 வாட்டிலும் 8 மைல் தூரத்துப் படகுக்குப் புரிகிறது என்றால் உங்கள் ஆன்டெனாவும் கேபிளும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சேனல்களில் கூட்டம் குறைந்திருக்கும் அந்த 61 நாட்களில் தூரச் சோதனைகளைச் செய்து வைத்துக்கொள்வது என் வழக்கம். கோடையில் சில மாலைகளில், கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது, வழக்கமாகக் கேட்காத தூரத்து நிலையங்கள் பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்கும். அப்படிப்பட்ட நாளில் எடுத்த அளவை நம்ப வேண்டாம், மறுநாள் காலை மீண்டும் பாருங்கள்.

எவ்வளவு தூரம் எட்டும்

விஎச்எஃப் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. வாட்டைவிட உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கு இது: இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி, 2.2 ஆல் பெருக்கினால் கடல் மைல். நம் படகின் ஆன்டெனா 4 மீட்டர் உயரத்திலும் கரைக் கோபுரம் 25 மீட்டரிலும் இருந்தால், 2-ம் 5-ம் கூட்டி 7, பெருக்கினால் 15 மைலுக்குச் சற்று மேல். காவல்துறைப் படகுகளின் பொறுப்பு 12 மைல் வரை என்பதால் இது போதும். 4 மீட்டர் ஆன்டெனா உள்ள இரு படகுகளுக்கு நடுவே 9 மைல்கூட வராது. தண்ணீரில் மிதப்பவர் கைச்செட்டைத் தலைக்குமேல் தூக்கி 1 மீட்டர் உயரத்தில் பிடித்தால் நம் படகுக்கு 6, 7 மைல். கைச்செட்டின் 5 வாட்டும் குட்டி ஆன்டெனாவும் அதையும் குறைக்கும்.

2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் இருந்தார்கள். அந்தத் தூரத்துக்கு எந்த விஎச்எஃப் செட்டும் எட்டாது, எவ்வளவு நல்ல செட் ஆனாலும். அதற்கு வேண்டியது செயற்கைக்கோள் வழி போகும் கருவி. 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துச் செய்தி அனுப்பும் ஈபிஐஆர்பி, இஸ்ரோ மீனவர்களுக்காக உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி போன்றவை. அவற்றின் செய்தி பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையத்துக்குப் போய், அங்கிருந்து சென்னை போன்ற இடங்களில் உள்ள கடலோரக் காவல்படை மீட்பு மையங்களுக்கு வரும். கரையோரம் ரோந்து போகும் நாம் ஆழ்கடலுக்குப் போகிறவரிடம் 'செட் இருக்கிறதா' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்தக் கருவியும் இருக்கிறதா, அதன் பேட்டரி காலாவதி ஆகிவிட்டதா என்றும் கேட்க வேண்டும்.

பேசும் முறை

மைக்கை அமுக்கி ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும், அது பெரும்பாலும் படகின் பெயராக இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கத்தாதீர்கள், கத்தினால் குரல் சிதையும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'பதினேழு' வேண்டாம், 'ஒன்று, ஏழு'. எதிராளி திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் வரை அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்லிக்கொடுத்தது இருப்பிடத்தைச் சொல்லும் விதம். படகின் ஜிபிஎஸ் டிகிரி, நிமிடம் என்று காட்டும். கைபேசி வரைபடம் டிகிரியை மட்டும் தசமத்தில் காட்டும். ஒருவர் '9, 17' என்று மொட்டையாகச் சொன்னால், அது 9 டிகிரி 17 நிமிடமா, 9.17 டிகிரியா? 9.17 டிகிரி என்பது 9 டிகிரி 10.2 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் 6.8 கடல் மைல், 12 கிலோமீட்டருக்கும் மேல். எல்லைக்கோடு நெருங்கிக் கிடக்கும் பாக் நீரிணையில் அந்தத் தூரம் ஒரு மீனவரைக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆக்கிவிடும். தேடப் போகும் படகை வெறும் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே 'டிகிரி', 'புள்ளி', 'நிமிடம்' என்ற சொற்களை விழுங்காமல் சொல்லுங்கள். கூடவே ஒரு கரை அடையாளத்தையும் சேருங்கள்:

"கண்ட்ரோல், கண்ட்ரோல், இது படகு மூன்று. என் இருப்பிடம் ஒன்பது டிகிரி, இரண்டு ஏழு புள்ளி ஐந்து நிமிடம் வடக்கு. ஏழு ஒன்பது டிகிரி, ஒன்று நான்கு புள்ளி சுழி நிமிடம் கிழக்கு. பாம்பன் கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே. திருப்பிச் சொல்லுங்கள், ஓவர்."

எண்ணில் தவறு இருந்தால் பாம்பன் என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடும். மீனவர்களோடு பேசும்போது தமிழிலேயே பேசுங்கள். அவர் கலங்கிப்போய் ஜிபிஎஸ் எண்ணைச் சொல்ல முடியாமல் திணறினால், "அண்ணே, ராமேஸ்வரம் டிவி டவர் தெரியுதா? எந்தப் பக்கம் தெரியுது? எத்தனை பாகம் தண்ணி?" என்று கேளுங்கள். கரையடையாளமும் ஆழமும் வைத்து இடம் கண்டுபிடிப்பது அவர் பரம்பரை பரம்பரையாகச் செய்வது. அதைச் சொல்லத் தொடங்கியதும் பதற்றமும் குறையும்.

ஆபத்து அழைப்பு

'மேடே' என்று மூன்று முறை கேட்டால் கையில் பேனாவை எடுங்கள். படகின் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், இந்த நாலும் எழுத்தில் வர வேண்டும். கரை நிலையமோ கடலோரக் காவல்படையோ பதில் சொல்கிறதா என்று சற்றுப் பொறுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள், 'மேடே ரிலே' என்று மும்முறை சொல்லி அதே செய்தியைக் கரைக்கு அனுப்புங்கள். கைபேசி எடுக்கும் தூரமென்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல்துறையின் 1093 இரண்டும் இலவச எண்கள்.

நம் படகுக்கே ஆபத்து என்றால், டிஎஸ்சி உள்ள செட்டில் சிவப்பு மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் பொத்தானை ஐந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். படகை அடையாளம் காட்டும் எம்எம்எஸ்ஐ எண்ணும் இருப்பிடமும் தானே போகும், யாராவது ஏற்கும் வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் போகும். பிறகு 16-இல் குரலில் சொல்லுங்கள். இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள். ஜிபிஎஸ் வயர் செட்டோடு இணைந்திருக்க வேண்டும். டிஸ்ப்ளேயில் உங்கள் இடம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், கோடுகள் மட்டும் தெரிந்தால் இணைப்பு இல்லை. மற்றது, செட்டில் இருக்கும் எம்எம்எஸ்ஐ இந்தப் படகுக்கு உரியதாக இருக்க வேண்டும். இந்தியப் படகுகளுக்கு அந்த ஒன்பது இலக்க எண் 419-இல் தொடங்கும். ஒரு படகின் செட் கெட்டால் வேறு படகின் செட்டைக் கழற்றி மாட்டுவது சர்வசாதாரணம். எண் பழைய படகுடையதாகவே இருக்கும், பெரும்பாலான செட்டுகளில் அதை நாமாக மாற்றவும் முடியாது. ஆபத்து நேரத்தில் தேடுபவர்கள் வேறு படகைத் தேடுவார்கள். செட்டை மாற்றிய அன்றே எண்ணை மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள்.

திடீரென்று ஒரு சேனல் முழுக்க என்ஜின் சத்தமோ பாட்டோ நிற்காமல் கேட்டால், யாருடைய மைக்கோ அமுங்கிக் கிடக்கிறது. முதலில் நம் மைக்கைப் பாருங்கள், சீட்டுக்கு நடுவில் சிக்கியிருக்கும். மைக்கைக் கொக்கியில் மாட்டும் பழக்கம் இதற்காகத்தான். காந்த திசைகாட்டிக்குப் பக்கத்திலும் அதை வைக்காதீர்கள். உள்ளே காந்தம் இருக்கிறது, திசை காட்டும் முள்ளை இழுத்துவிடும்.

திரும்பி வந்ததும்

மைக்கையும் கைச்செட்டையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கைச்செட் தண்ணீர் புகாதது என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைத்தான் குறிக்கும். ரப்பர் மூடி சரியாக மூடாவிட்டால் அதுவும் இல்லை. இரவு ரோந்துக்கு ஒவ்வொரு கைச்செட்டுக்கும் மாற்று பேட்டரி ஒன்று சார்ஜில் இருக்கட்டும். கைச்செட்டை டேஷ்போர்டில் வைக்காமல் லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளுங்கள். படகிலிருந்து தவறி விழுபவர் செட்டைத் தேடி எடுத்துக்கொண்டு விழப்போவதில்லை.

பதிவேட்டில் 'செட் சரி' என்று எழுதாதீர்கள். அதைப் படிக்கிற அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு எந்த உபயோகமும் இல்லை. 'காலை 5.40, சேனல் 72, 25 வாட், 8 மைல் தூரத்துப் படகு பதில் தந்தது, 1 வாட்டிலும் புரிந்தது, என்ஜின் ஓட, பேசும்போது செட் முனையில் 12.9 வோல்ட், எஸ்டபிள்யூஆர் 1.4' என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே சோதனையில் 12.1 வோல்ட் வந்து, 1 வாட்டில் பதில் வராமல் போனால், படகு ஓடுகிற நிலையில் இருக்கும்போதே வயரையும் கேபிளையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் காட்டியே கேட்கலாம்.